பார்வையாளர் பக்கம் நின்று ரேஸைப் புகைப்படம் எடுப்பது: மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதிலிருந்து மதுரைப் பக்கம் கேமரா வைத்திருக்கும் தம்பிகள் பலருக்கு ரேஸ் படம் எடுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. கல்யாண ஆர்டருக்கு வாங்கிய கேமரா, அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமரா, சும்மா அலமாரியில் கிடந்த கேமரா எல்லாம் வெளியே வந்திருக்கிறது. கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இவை பத்திரிகைக்காரர்களுக்கு அல்ல. மற்ற ஜனங்களோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எடுப்பவர்களுக்கு.

மதுரையில் ரேஸ் டிராக்கே கிடையாதே, எங்கே போவது?

பக்கத்தில் இருப்பது கோவைதான். கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நம் நாட்டில் ரேஸ் கார் கட்டியவர்களில் முன்னோடியான கரிவரதனின் பெயரால் அமைந்த டிராக். சுற்றளவு 2.1 கிலோமீட்டர். ஆரப்பாளையத்தில் கோவை பஸ் ஏறினால் சிங்காநல்லூரில் இறக்கிவிடுவான். அங்கிருந்து செட்டிபாளையத்துக்கு ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடிக்க வேண்டும். விடிவதற்குள் போய்ச் சேரும்படி இரவு பஸ்ஸில் ஏறுவது நல்லது. காலை வெளிச்சம் போய்விட்டால் அன்றைய பாதி வேலை போச்சு.

இன்னொன்று சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக், 1990இல் திறந்தது, 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். அதற்கு முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும். உங்கள் அப்பா தலைமுறையில் சென்னையில் இருந்தவர்களைக் கேட்டால் ஒரு கதையாவது சொல்வார்கள்.

முதல் தடவைக்கு நான் கோவையைத்தான் சொல்வேன். டிராக் சின்னது. ஒரே கார் ஒரு நிமிடத்தை ஒட்டி மறுபடி உங்கள் முன்னால் வந்துவிடும். விட்டதைப் பிடிக்கலாம். நுழைவு விதி, கட்டணம் எல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால் கிளம்புவதற்கு முன் அமைப்பாளர்களின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

பத்திரிகையாளர் பாஸ் இல்லாமல் வேலிக்கு வெளியே நின்றால் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஓடுதளத்தில் இறங்க அனுமதி இல்லை. அவர்களும் தடுப்புக்குப் பின்னால்தான், என்ன, கொஞ்சம் கிட்டத்தில். பார்வையாளர் பகுதி பெரும்பாலும் மேடாக இருப்பது நமக்குச் சாதகம். மேலிருந்து எடுக்கும்போது காரின் பின்னணியில் விளம்பரப் பலகையும் நிற்கிற ஆட்களும் வராமல் தாரும் புல்லும் மட்டும் வரும். படம் சுத்தமாக இருக்கும்.

கார் 150இல் போகிறது, படத்தில் பார்த்தால் ஷோரூமில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஏன்?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். காரணம், ஷட்டர் ஸ்பீடை, அதாவது ஷட்டர் திறந்து மூடும் வேகத்தை, ஏற்றிவிட்டீர்கள். ‘வேகமாகப் போகிற பொருளுக்கு வேகமான ஷட்டர்’ என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கிரிக்கெட்டுக்கு அது சரி. காருக்குச் சரிவராது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் விட்டம் 60 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. ஆக, சக்கரம் நொடிக்குப் பதினைந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. 1/1000இல், அதாவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து எடுத்தால், அந்த நேரத்துக்குள் சக்கரம் ஐந்து டிகிரிதான் திரும்பியிருக்கும். வீல் கப்பில் எழுதியிருப்பதைக்கூடப் படிக்கலாம். நின்ற சக்கரம், நின்ற கார். 1/125இல் 42 டிகிரி திரும்பும், ஸ்போக்ஸ் கலைந்துபோகும். 1/60இல் கால் சுற்று ஆகிவிடும், சக்கரம் ஒரு வெள்ளித் தட்டாகத் தெரியும்.

காரில் ஓடுவது தெரிகிற இடங்கள் இரண்டுதான்: சக்கரம், பின்னணி. இரண்டும் கலைந்து, ஓட்டுநரின் ஹெல்மெட்டும் கார் நம்பரும் மட்டும் கூர்மையாக நின்றால் அது ரேஸ் படம். அதற்கு ஷட்டரைக் குறைத்து, காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்ப வேண்டும். அதுதான் பேனிங். 1/250இல் ஆரம்பியுங்கள். கை பழகியதும் 1/125, பிறகு 1/60. அதற்குக் கீழே போவது ஆசை கூடியவர்களுக்கு.

நேரே உங்களை நோக்கி வரும் காருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் சுற்றுவது தெரியாது. அங்கே 1/500, 1/1000 வைக்கலாம். பைக் என்றால் இன்னும் சௌகரியம். திருப்பத்தில் முழங்கால் தரையில் உரசும்படி சாய்ந்து வருகிறவனைப் பார்த்தாலே வேகம் தெரிந்துவிடும், சக்கரம் உறைந்திருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

பேனிங் செய்தால் கார் முழுக்கக் கலங்கி வருகிறதே?

பெரும்பாலும் மூன்று காரணம். கையை மட்டும் திருப்புகிறீர்கள், பட்டனை அமுக்கும்போது நின்றுவிடுகிறீர்கள், காரைத் தாமதமாகப் பிடிக்கிறீர்கள்.

கால்களிலிருந்து தொடங்குவோம். கார் எந்த இடத்தில் வரும்போது படம் வேண்டுமோ அந்த இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, கார் வரும் பக்கம் பாருங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். இடது கை லென்ஸுக்கு அடியில். கார் தூரத்தில் தெரிந்ததுமே வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) பிடித்து, ஹெல்மெட்டையோ கதவில் இருக்கும் நம்பரையோ ஃபோகஸ் புள்ளிக்குள் வைத்து, அதை விடாமல் கூடவே வாருங்கள். நேர் எதிரே வரும்போது நான்கைந்து ஃபிரேம் எடுங்கள். எடுத்த பிறகும் திருப்பிக்கொண்டே போங்கள். பந்து கையை விட்டுப் போனதும் பௌலர் சட்டென்று நின்றுவிடுவதில்லையே, அப்படி. அமுக்கும்போது நின்றால் கடைசி ஃபிரேம்கள் எல்லாம் வீண்.

ஸ்கிரீனைப் பார்த்து எடுக்காதீர்கள். கேமரா முகத்தோடு ஒட்டினால்தான் உடம்போடு சேர்ந்து திரும்பும். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் சுவிட்சில் 1, 2 என்று இருந்தால் 2இல் வையுங்கள். அது மேலும் கீழும் ஆடுவதை மட்டும் தடுக்கும், பக்கவாட்டில் நீங்கள் திருப்புவதோடு சண்டை போடாது.

நூறு எடுத்து ஐந்து தேறினால் நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் போடுகிற படங்களைப் பார்த்து மனசு விட வேண்டாம். அவர்கள் அழித்த தொண்ணூற்றைந்தை உங்களுக்குக் காட்டுவதில்லை.

இதை மதுரையிலேயே பழக முடியுமா?

தாராளமாக. என்னைக் கேட்டால், கோவைக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் இங்கேதான் பழக வேண்டும். டிராக்கில் கார் 180இல் போகும், நம் ஊரில் ஷேர் ஆட்டோ 40இல் போகும், எப்படிச் சரியாக வரும் என்பார்கள். உங்கள் இடுப்புக்குத் தெரிவது கிலோமீட்டர் அல்ல, எவ்வளவு சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான். 45 மீட்டர் தள்ளி 180இல் போகிற காரும், 10 மீட்டர் தள்ளி 40இல் போகிற பைக்கும், நேர் எதிரே கடக்கும்போது உங்களை ஒரே வேகத்தில்தான் திரும்ப வைக்கும். டவுன் ஹால் ரோட்டு நெரிசலில் இது நடக்காது, வண்டி சீராகப் போகிற சாலை வேண்டும்.

நான் சொல்லும் இடம் வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டியது. ஒரு பக்கமே கிட்டத்தட்ட 300 மீட்டர், நாலா பக்கமும் சாலை. குளத்துச் சுவரை ஒட்டி நின்று சாலையைப் பார்த்தால் வண்டிகள் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். காலையில் குளத்தின் மேற்குக் கரையில் நில்லுங்கள், சூரியன் உங்கள் முதுகில் இருக்கும், வண்டியின் பக்கவாட்டில் வெளிச்சம் நன்றாக விழும். மாலையில் கிழக்குக் கரைக்கு மாறுங்கள். பின்னணியில் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெறும் வெள்ளைச் சுவர் கலைந்தால் ஒன்றும் தெரியாது, பல வண்ணம் கலைந்தால்தான் கோடு கோடாக இழுத்த மாதிரி வரும்.

ஒரு காலைப் பழக்கம் இப்படி இருக்கட்டும்: முதலில் டவுன் பஸ். பெரியது, மெதுவானது, நம்பர் பலகையில் ஃபோகஸ் வைக்கலாம். 1/60இல் பலகையின் எழுத்தைப் படிக்க முடிகிற வரைக்கும் பஸ்ஸை விடாதீர்கள். அடுத்து ஷேர் ஆட்டோ. அது எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது, அதுவே நல்ல பயிற்சி. கடைசியாக பைக். பைக்கில் போகிறவர்கள் தங்களைத்தான் எடுக்கிறீர்கள் என்று நினைத்து வண்டியை நிறுத்தக் கூடும். விஷயத்தைச் சொல்லி, படத்தைக் காட்டி, வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள். பெண்கள் ஓட்டிவரும் வண்டியை விட்டுவிடலாம், பஸ்ஸுக்கா பஞ்சம்?

ரிங் ரோட்டிலும் நான்குவழிச் சாலையிலும் ஓரத்தில் நின்று பழகலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வியூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்தவனுக்கு மறுபக்கம் வருகிற லாரி தெரியாது.

மாட்டு வண்டிப் பந்தயத்தை எடுத்துப் பழகினால் கார் ரேஸுக்கு உதவுமா?

உதவும். நம் பக்கத்துக்காரனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அது. மேலூர், சிவகங்கை, தேனிப் பக்கமெல்லாம் கோயில் திருவிழாவை ஒட்டிப் பந்தயம் நடக்கிறது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு என்று ஊருக்கு ஊர் பிரிவு வைப்பார்கள். 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஜல்லிக்கட்டோடு இதுவும் நின்றது. 2017இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது, அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு சொன்னது. இப்போது தேதி தெரிய வேண்டுமானால் ஊர் முக்கில் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸைப் பார்த்தால் போதும்.

இங்கே ஷட்டரை இன்னும் இறக்கலாம், 1/60, 1/30 வரைக்கும். மாட்டின் கால்கள் கலைந்து, நெற்றியும் சாரதியின் முகமும் மட்டும் நிற்க வேண்டும். கார் வழுக்கிக்கொண்டு போகும், மாடு துள்ளிக்கொண்டு போகும் என்பதால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கும். 1/30இல் மாட்டின் முகத்தைக் கூர்மையாக எடுத்துவிட்டவனுக்குச் செட்டிபாளையத்தில் ஃபார்முலா காரை 1/60இல் எடுப்பது பெரிய காரியம் இல்லை. வண்டிக்கு முன்னும் பின்னும் பைக்கில் கத்திக்கொண்டு வருகிற கூட்டம்தான் தொல்லை. அவர்களைத் தவிர்க்க முயலாமல் கலங்கலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், பந்தயத்தின் சூடு அதில்தான் இருக்கிறது.

டிராக்கில் இருப்பது போலத் தடுப்புச் சுவர் இங்கே கிடையாது. வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்தால் பாய்ந்ததுதான். வளைவின் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது. கண்மாய்க் கரை, பாலத்துக் கட்டை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இப்படி ஓர் உயரமோ பள்ளமோ உங்களுக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கட்டும். ஃபிளாஷை மூடிவிடுங்கள்.

எந்த லென்ஸ் வாங்கலாம்?

முதலில் எதுவும் வாங்காதீர்கள். ஒரு தடவை போய்வந்து, எடுத்த படங்களில் எத்தனையை வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்குவதென்றால் 55-250 அல்லது 70-300 ஜூம் போதும். சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் (சின்ன சென்சார் உள்ள வகை) 250 எம்எம் வைத்தால், 100 மீட்டர் தூரத்தில் சுமார் 9 மீட்டர் அகலம் ஃபிரேமுக்குள் வரும். நான்கு மீட்டர் கார் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வைக்க அது சரியான அளவு. 40 மீட்டருக்கு வந்துவிட்டால் மூன்றரை மீட்டர்தான் தெரியும், காரின் மூக்கு வெட்டுப்படும், ஜூமைப் பின்னால் இழுக்க வேண்டும். அதனால் 600 எம்எம் வாங்க முடியவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கேமராவோடு வந்த கிட் லென்ஸ் மட்டும் இருக்கிறதா? 55 எம்எம்மில் 10 மீட்டர் தூரத்துக்கு நான்கு மீட்டர் அகலம் கிடைக்கும். தெப்பக்குளத்துக்கும் மாட்டு வண்டிக்கும் அதுவே அளவெடுத்தது போல இருக்கும்.

ஸ்டாண்டு?

மூன்று கால் ஸ்டாண்டு வேண்டாம், கூட்டத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். கை வலித்தால் மோனோபாட், அதாவது ஒற்றைக் கால் ஸ்டாண்டு.

டிராக்கில் எங்கே நிற்பது?

நேர்சாலையின் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். வேகம் அங்கேதான் அதிகம், படத்துக்கு அங்கே ஒன்றும் இல்லை. திருப்பத்தைத் தேடுங்கள்.

பிரேக் போடும் இடத்தில் காரின் மூக்கு தாழும், பின்னால் வருபவன் உள்ளே புக முயல்வான், முந்தல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். திருப்பத்தின் உள் விளிம்பில் சிவப்பு வெள்ளைக் கட்டைமேல் ஒரு சக்கரம் ஏறி இறங்கும். திருப்பம் முடிந்து வெளியேறும் இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கையில் பின்பக்கம் லேசாக விலகும். மூன்றும் மூன்று விதப் படம்.

பழகுபவர்களுக்கு ஓர் உபாயம்: வளைவின் உள்பக்கம் இருந்து பார்க்க இடம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கிருந்து பார்க்கையில் கார் உங்களைச் சுற்றி வளைந்து போகும், தூரம் அதிகம் மாறாது, ஃபோகஸ் ஓடித் தேட வேண்டியதில்லை, பேனிங்கும் சுலபம். வெளிப்பக்கம் நின்றால் கார் உங்களை நோக்கி வந்து சட்டென்று விலகும். முகம் தெரியும் படங்களுக்கு அது நல்ல இடம், பழகின கைக்கு.

பயிற்சிச் சுற்றுகளையும் தகுதிச் சுற்றுகளையும் விட்டுவிட்டு நேராகப் பந்தயத்துக்கு வருகிறவர்கள் அதிகம். எனக்கு அது புரிவதே இல்லை. பயிற்சியின்போது கூட்டம் இருக்காது, நாலு இடம் மாறி நின்று பார்க்கலாம், எந்தக் கார் எந்தக் கோட்டில் வருகிறது என்று கண்ணுக்குப் பழகிவிடும். பந்தயத்தின் முதல் சுற்றில் எல்லாக் கார்களும் மொத்தமாக வரும். அதற்கு மட்டும் ஜூமைக் குறைத்து, ஷட்டரை 1/500க்கு ஏற்றி வைத்திருங்கள்.

கம்பி வலை குறுக்கே வருகிறது. என்ன செய்ய?

லென்ஸின் முன்பக்கத்தைக் கம்பிக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் வைத்து, ஜூமை முழுக்க நீட்டி, அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் புகும் துளை) அதிகபட்சம் திறந்தால் கம்பி கரைந்துவிடும். வெயில் விழும் கம்பி கரைந்தாலும் படத்தின் மேல் வெள்ளையாகப் புகை படர்ந்த மாதிரி இருக்கும். நிழலில் இருக்கும் வலையாகத் தேடிப் போங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பேனிங்குக்கு ஷட்டரைக் குறைத்தால் பகல் வெளிச்சத்தில் அப்பர்ச்சரை மூட வேண்டிவரும், மூடினால் கம்பி தெரிய ஆரம்பிக்கும். அதனால் வலைக்குப் பின்னால் நிற்கும் நேரத்தில் நேரே வரும் கார்களை வேகமான ஷட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். பேனிங்கை வலைக்கு மேலாகப் பார்க்க முடிகிற மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வலையில் ஏறுவதும், கம்பியை விலக்குவதும், கையை வெளியே நீட்டுவதும் கூடாது. உடைந்த பாகம் பறந்து வந்தால் தடுக்கத்தான் அந்த வலை.

மத்தியான வெயிலில் படம் வெளுத்துப் போகிறது.

நம் ஊர் உச்சி வெயிலுக்கு ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்வு) 100, ஷட்டர் 1/125 வைத்தால் அப்பர்ச்சர் எஃப் 16 என்று வரும், எண் கூடக்கூடத் துளை சின்னதாகும். 1/60க்கு இறங்கினால் எஃப் 22. அவ்வளவு மூடும்போது படத்தின் கூர்மை கொஞ்சம் குறையும். அதைவிடத் தொல்லை, சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி எல்லாம் வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். போலரைசர் ஃபில்டர் ஒன்று மாட்டினால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), கண்ணாடியின் பளபளப்பும் போய் ஓட்டுநர் தெரிவார். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் (கறுப்புக் கண்ணாடி) இருந்தால் 1/125க்கு எஃப் 5.6லேயே நிற்கலாம்.

ஃபில்டரால் தீராத பிரச்சினை கானல். பதினொரு மணிக்கு மேல் தார் சூடேறி, தூரத்துக் கார் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளியும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, எவ்வளவு விலை லென்ஸும் நெளியத்தான் செய்யும். அந்த நேரத்தில் கிட்டத்தில் வருகிற காரை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் பிட் (கார்களுக்கு டயர் மாற்றிப் பழுது பார்க்கும் இடம்) பக்கம் அனுமதி இருந்தால் போய் மெக்கானிக்குகளை எடுங்கள். எண்ணெய்க் கையோடு டயர் மாற்றுகிற ஆளின் முகம் பல நேரம் காரைவிட நல்ல படம்.

கேமரா மேல் வெள்ளைத் துண்டு ஒன்று போட்டுவையுங்கள். குடை வேண்டாம், பின்னால் நிற்பவர் திட்டுவார்.

ஃபோகஸ் செட்டிங்?

தொடர் ஃபோகஸ். கேனனில் ஏஐ சர்வோ (புதியவற்றில் சர்வோ), நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி. எல்லாப் புள்ளிகளையும் திறந்து வைத்தால் கேமரா வலையையோ முன்னால் நிற்பவர் தலையையோ பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு புள்ளி, அல்லது அதைச் சுற்றிய சின்னக் கட்டம் போதும். பழைய கேமரா தடுமாறினால், கார் கடக்கப்போகும் இடத்தில் தாரின் மேல் முன்பே ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள். ஆட்டோ ஃபோகஸ் வருவதற்கு முன்பு எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள்.

சக்கரம் முட்டை வடிவத்தில் வருகிறது, பின்னணித் தூண் சாய்ந்திருக்கிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். சென்சார் வரி வரியாகப் படிப்பதற்குள் காரும் நகர்ந்துவிடுகிறது, நீங்கள் திருப்பும் கேமராவும் நகர்ந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள்.

மொபைலில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஜூம் செய்யாமல். புரோ மோடில் ஷட்டரை 1/125க்கு வைத்து, மெயின் லென்ஸில், வண்டி கிட்டத்தில் வருகிற இடத்தில் பேனிங் செய்தால் நன்றாகவே வரும். மாட்டு வண்டிக்கு மொபைல் போதும். செட்டிபாளையத்தில் தூரத்துக் காருக்குப் போதாது. அங்கே கூட்டம், பிட், பரிசு மேடை இவற்றை மொபைலில் எடுங்கள்.

ரா ஃபைலா, ஜேபெக்கா?

பழகும் வரை ஜேபெக். ராவில் ஃபைல் பெரிது, தொடர்ந்து அமுக்கினால் சாதாரண கேமரா சில நொடியில் மூச்சுவாங்கி நின்றுவிடும், சரியாக அந்த நேரம்தான் இரண்டு கார் உரசும்.

கொடிகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரியும். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, அந்தப் பகுதியில் யாரும் முந்தக் கூடாது. நீங்கள் மெமரி கார்டை மாற்றிக்கொள்ளலாம், தண்ணீர் குடிக்கலாம். நீலம் ஆடினால் பின்னால் வேகமான கார் ஒன்று வந்துகொண்டிருக்கிறது, வழிவிடச் சொல்கிறார்கள். கேமராவை எடுங்கள், இரண்டு கார் ஒரே ஃபிரேமில் கிடைக்கப்போகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி விழுந்ததும் எல்லோரும் பையைக் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் மெதுவான சுற்றில்தான் ஓட்டுநர்கள் ஹெல்மெட்டின் கண்ணாடி வைசரைத் தூக்கிவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு, மார்ஷல்களுக்கு (கொடி காட்டும் டிராக் ஆட்கள்) வணக்கம் வைத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கெல்லாம் ஹெல்மெட்டுக்குள் இருந்த முகம் அப்போதுதான் கிடைக்கும்.

விபத்து நடந்தால் எடுக்கலாமா?

நடக்கும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்தால் அது வேறு. அடிபட்டவரைத் தூக்கும்போது எடுக்காதீர்கள். எடுத்திருந்தாலும், அவர் எழுந்து நடந்தார் என்று தெரியும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். அவர் வீட்டாருக்கு உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிய வேண்டாம். மார்ஷல் நகரச் சொன்னால் கேள்வி கேட்காமல் நகருங்கள்.

மழை வந்துவிட்டால்?

கிளம்பாதீர்கள். ஈரத் தாரில் டயருக்குப் பின்னால் எழும் நீர்ப்புகை, அதற்குள் மங்கலாக முகப்பு விளக்கு: வெயிலில் இது கிடைக்காது. செட்டிபாளையம் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரில் இருப்பதால் தென்மேற்குப் பருவக் காற்றில் சாரல் வந்து வந்து போகும். இருங்காட்டுக்கோட்டைக்கு ஐப்பசி, கார்த்திகை. துணிக்கடை பிளாஸ்டிக் பையின் அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டினால் அதுவே ரெயின்கோட்டு.

இரவுப் பந்தயம்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருச் சுற்றில் விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓடியது. மறுபடி அப்படி ஒன்று நடந்தால், பயப்பட வேண்டாம். இருட்டு உங்களை 1/60க்குத் தள்ளும், பேனிங்குக்கு அதுதானே வேண்டும்? ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றுங்கள், புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. ஃபிளாஷ் போடவே கூடாது.

எடுத்த படங்களை என்ன செய்வது?

அன்றிரவே உட்கார்ந்து அழியுங்கள். ஹெல்மெட் கூர்மையாக இல்லாதது எதுவும் வேண்டாம், எவ்வளவு நல்ல திருப்பமாக இருந்தாலும் சரி. மிச்சத்தில் சாய்வைச் சரிசெய்து, காருக்கு முன்னால் இடம் இருக்கும்படி வெட்டுங்கள்.

நம்பரை வைத்து ஓட்டுநர் யாரென்று கண்டுபிடித்து அவருக்கே அனுப்புங்கள். தேசியப் போட்டிகளில் ஓடும் பையன்களில் பலருக்குத் தனியாகப் புகைப்படக்காரர் கிடையாது. ஸ்பான்சரிடம் காட்ட நல்ல படம் ஒன்று கிடைத்தால் அடுத்த முறை அவர்களே உங்களைத் தேடுவார்கள். காசுக்கு விற்பதாக இருந்தால் மட்டும் டிக்கெட்டில் இருக்கும் நிபந்தனையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

போகலாம். காதில் வைக்கும் அடைப்பான் மருந்துக் கடையில் கிடைக்கும், சின்னப் பிள்ளைகளுக்குக் காதை முழுக்க மூடுகிற வகை வாங்குங்கள், உங்களுக்கும் ஒன்று. தண்ணீரும் கட்டுச்சோறும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேறு ஒரு பெரியவர் கூட வரவேண்டும், உங்கள் இரண்டு கையும் கேமராவில்தான் இருக்கும்.